பிறை பதிச்ச கத்தி

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. இனி வெளியே போகும்போது பூதலிங்கமாகப் போகக் கூடாது, பட்டாளத்தையாவாகத்தான் போக வேண்டும். ஊர் ஏற்பாடு அப்படி. வள்ளியூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற, ஐம்பது தாண்டிய ஒரு மனுசன் சாமிப் பூடத்துக்குப் பின்னால் இருக்கிற இந்தப் பொந்து மாதிரி அறைக்குள் நுழைந்து, கோயில் கொடைத் திருவிழாவில் மதியம் மகுட மேளம் முழங்கும்போது சாமியாக வெளியே வரணுமாம். நல்ல கூத்துதான் போ. அண்ணன் சங்கரநயினார் இருந்தவரைக்கும் இது அண்ணன் பாடு. அண்ணன் போய்ச் சேர்ந்ததில் துக்கம் என்று போன வருசம் கொடையே நடக்கவில்லை. இந்த வருசம் ஊர் கூடி உட்கார்ந்து, சாமியாடுகிற கோமரத்தாடி இல்லாமல் கொடை எப்படி, சாமி யார் மேல் வந்து இறங்கும் என்று பேசிப் பேசி, தம்பிக்காரன் இருக்கானே என்று இவன் பக்கம் கையைக் காட்டிவிட்டது. அதற்கு ஒரு வாலையும் ஒட்டிவிட்டார்கள். இன்றைக்குப் பூதலிங்கம் மேல் சாமி இறங்கி ஆராசனை வந்தால் பட்டாளத்தையாவின் கத்தி இந்த வீட்டில் நிற்கும். வராமல் போனால் பெரியப்பா மகன் தாணுமாலையன் கைக்குப் போகும். தாணுமாலையனுக்கு அந்த ஆசை இன்று நேற்றையதா? "உறைக்குள்ளயே போட்டு வச்சிருந்தா சாமிக்கு மூச்சு முட்டாதாடே? எங்கையில குடுங்க, எல்லாரும் பாக்க உருவித்தான் ஆடுவேன், வீடியோவும் எடுப்பேன். திருநவேலில குடுத்து நிக்கல் போட்டுக் கொண்டாந்தா எப்படி மினுங்கும் தெரியுமா" என்று டீக்கடையில் வைத்தே சொல்லிவிட்டான். அவன் கைக்குப் போகாமல் இருக்கணும் என்றால் பூதலிங்கம் மேல் ஆராசனை வரணும். வராது. எனக்கு வராது. இது எனக்கே தெரியும். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுக்கிறவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பாதி ஆயுசு அதன்மேல் கால் வைத்தபடியே போயிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கே முட்டுவானோ, எங்கே கவிழ்ப்பானோ என்று உறக்கத்தில்கூட வலது கால் கட்டில் சட்டத்தை அமுக்கும். பெஞ்சாதி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்படிப்பட்டவன் மேல் எந்தச் சாமி வந்து ஏறும்? ஏறினாலும் இவன் பிரேக்கைப் போட்டு நிறுத்திவிடமாட்டானா?

மணையில் வாழையிலை, இலையில் கத்தி. இந்த ஊரில் யாரும் அதைக் கத்தி என்று சொல்வதில்லை. ஐயாவ எடு, ஐயாவ வை, ஐயாவுக்குப் பூச் சாத்தியாச்சா என்றுதான் பேச்சு. ஆனாலும் அது கத்திதான், துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி, பட்டாளத்தில் பயனெட் என்பார்கள். முழங்கையை மடக்காமல் நீட்டினால் பாதிக் கை நீளம் வரும். கறுத்துப்போன தோல் உறை, முதுகுப் பக்கம் ஒரே நேர்கோட்டில் தையல், நுனியில் இரும்புக் குப்பி. ஊரில் உள்ள மற்ற கோயில்களில் பெல்ட்டைக் கழற்று, பர்ஸை வெளியே வை என்று விரட்டுகிறார்கள்; இங்கே தோலே பூடத்தில் ஏறி உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டு கும்பிடு வாங்குகிறது. அந்தக் காலத்துப் பெரிய சண்டைக்கு வெள்ளைக்காரன் ஆள் பிடித்தபோது தாத்தாவின் அண்ணன் ஐயம்பெருமாள் பட்டாளத்துக்குப் போனாராம். மீசை சரியாக முளைக்காத வயசு. கப்பலில் ஈராக்குப் பக்கம் பசரா என்கிற ஊருக்குப் போய், துருக்கிக்காரனோடு மணல்காட்டில் சண்டை. போனவர் போனவர்தான். சண்டை ஓய்ந்து ரொம்ப நாள் கழித்து, கூடப் போயிருந்த சவரிமுத்து என்கிறவர் சாக்கில் சுற்றிய இதைக் கொண்டுவந்து ஐயம்பெருமாளின் அம்மை பிச்சம்மை மடியில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏங்கி ஏங்கி அழுதுவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். என் பிள்ள வந்துட்டான் என்று பிச்சம்மை அதை வீட்டு மூலையில் சாத்தி வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள். அப்புறம் அது பூடமாகி, கொடையாகி, வில்லுப்பாட்டாகி, குலசாமியும் ஆகிவிட்டது. என் பிள்ள பட்ட வெயில் போதும், நெழல்லயே இருக்கட்டும் என்று அவள் சொன்னதாகப் பேச்சு. அதனால்தான் உறையை விட்டு வெளியே எடுப்பதில்லை. கொடை அன்றைக்குக் காலையில் மட்டும், கோமரத்தாடி கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாளாக உருவித் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி உறையில் போடணும். ஆடுகிறபோதும் உறையோடுதான். சாமியின் உடம்பைப் பார்க்கிற பாக்கியம் ஊரில் ஒருத்தனுக்கு மட்டும். அந்த ஒருத்தன் இப்போது நான் என்று நினைத்துப் பூதலிங்கம் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

சரி, உருவு. பார்த்துக்கொண்டே இருந்தால் முடியுமா? இடது கையில் உறையைப் பிடித்து வலது கையால் பிடியை இழுத்தான். வரவில்லை. ஒரு வருசம் எண்ணெய் காணாமல் கிடந்த தோல் இறுகிப் பிடித்திருந்தது. வரமாட்டேன் என்கிறாரா? என் கைக்கு வரமாட்டாரா? வேர்த்துவிட்டது. ஐயா, கோவிச்சுக்கிடாதீரும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு தம் பிடித்தான். மெதுவாக, விரல் விரலாக வந்தது. உறைக்குள்ளிருந்து பழைய எண்ணெயும் தோலும் இரும்பும் கலந்த ஒரு வாசனை. அதை மூக்கில் வாங்கியதுமே மயிர்க்கால் குத்திட்டு நின்றது. அம்மாடி. இப்படியா இருப்பீர்? துருவேறிக் கிடக்கும், நுனி உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு, சன்னல் வெளிச்சத்தில் அலகு முழுக்க ஒரே சீராக, மாசு மருவில்லாமல் நீண்டுகொண்டே போனதைப் பார்த்து வாயடைத்துவிட்டது. அண்ணன் எவ்வளவு பாடுபட்டு வைத்திருந்திருக்கிறார். ரெண்டு பக்கமும் நெடுக ஒரு பள்ளம், வாய்க்கால் வெட்டினாற்போல. எதற்கு இந்தப் பள்ளம் என்று யோசிக்கப் போனவன், வேண்டாம் என்று யோசிப்பதை நிறுத்திக்கொண்டான். நிறுத்தினால் நின்றுவிடுமா? எவனோ ஒரு பட்டறைக்காரன், காலையில் கஞ்சி குடித்துவிட்டு வந்தவன், பிள்ளைகுட்டிக்காரனாகத்தான் இருக்கணும், இதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக் கோணல் பார்த்திருப்பான். இன்னும் கொஞ்சம் தேய்க்கணும் என்று தேய்த்திருப்பான். ஒரு மனுச உடம்புக்குள் இறங்கி ஏறுவதற்கு ஒரு சாமானை இவ்வளவு ஆசையாகவா செய்வான்? எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. பிடியின் ரெண்டு பக்கமும் மரம், விரல் பட்டுப் பட்டு வழவழவென்றிருந்தது. எந்த விரல்? பிடிக்கும் அலகுக்கும் நடுவில் துப்பாக்கிக் குழல் நுழைகிற வளையம். அதில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. கையில் பிடித்ததுதான் தாமதம், கை தன்னாலே மடங்கி, கட்டைவிரல் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டியரிங் பிடித்த கை இது, இதற்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பயந்துபோய் கத்தியை மறுபடியும் இலையில் வைத்தான். வைத்த பிறகும் உள்ளங்கை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருந்தது.

துடைக்கணும். அதற்குத்தானே உள்ளே விட்டிருக்கிறார்கள். அலகு பிடியோடு சேர்கிற இடத்தில் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி ஏறி ஒரு அப்பு. ஈரத் துணியால் தேய்த்தான். முதலில் பிறை வந்தது. அடடா, பிறை! வில்லுப்பாட்டில் பிறை பதிச்ச கத்தி என்று புலவர் குரலை ஏற்றுகிற இடத்தில் பெண்கள் குலவை போடுவார்களே, அந்தப் பிறை. ஈஸ்வரன் தலையில் இருக்கிற பிறை ஐயாவின் கத்தியில் இருக்கு, பிள்ளைய அவனே எடுத்துக்கிட்டான் என்று தாத்தா சொன்னதாக அப்பா சொல்வார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று குனிந்தவன் பிறைக்குப் பக்கத்தில் இன்னும் ஏதோ இருப்பதைப் பார்த்தான். எழுத்து. துணியில் விளக்கு எண்ணெய் தொட்டு மறுபடி தேய்த்தான். கொடி மாதிரி வளைந்து, மேலே புள்ளி வைத்து, வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து. இது வெள்ளைக்காரன் எழுத்தில்லை. ஏர்வாடியிலிருந்து லைசன்ஸ் எடுக்க வருகிற பையன்கள் கார்க் கண்ணாடியில் தொங்கவிடுகிற அட்டையில் இந்த எழுத்தைப் பார்த்திருக்கிறான். ஏர்வாடிப் பள்ளிவாசல் முகப்பில் பார்த்திருக்கிறான், இதே பிறையோடு.  கேள்வி ஒவ்வொன்றாக வந்தது. இங்கிலீஷ்காரன் பட்டாளத்துக் கத்தியில் இந்த எழுத்து எதுக்கு? ஐயம்பெருமாள் யாரோடு சண்டை போட்டார்? துருக்கிக்காரனோடு. அப்போ இது? தாத்தாவும் அப்பாவும் தற்குறிகள். அவர்களுக்கு எழுத்து என்று எது இருந்தாலும் அது சர்க்கார் எழுத்து, பிறை என்று இருந்தால் அது சிவன் பிறை. குங்குமத்தை அப்பிக் கும்பிட்டுவிட்டார்கள். நூறு வருசமாக இந்த ஊர் துருக்கிக்காரன் கத்திக்கா கிடா வெட்டிப் பொங்கலிட்டது? சிரிப்பு வந்தது பூதலிங்கத்துக்கு. 

அண்ணன். அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்கவே முடியாது. சவுதியில் தம்மாமில் வெல்டராக இருந்த மனுசனை, அப்பா படுத்ததும் ஊர்க்காரர்கள் கூப்பிட்டுத்தானே கத்தியைக் கொடுத்தார்கள். அங்கே கடை போர்டிலிருந்து பஸ் நம்பர் வரைக்கும் எல்லாம் இந்த எழுத்துதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இதே அறை, இதே மணை, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உருவியிருப்பார், துடைத்திருப்பார், படித்தே இருப்பார். தெரிந்துகொண்டு வெளியே போய் ஆடினாரா? அந்த வருசம்தானே ரெண்டாவது இலை வந்தது! பட்டாளத்தையாவுக்குப் படப்பு போடுகிறபோது கிடாக்கறி, முட்டை, சுருட்டு, சாராயம் என்று எப்போதும் ஒரு இலைதான். அந்த வருசம் அண்ணன் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னார். அதில் சோறு, கறி, ஒரு கை பேரீச்சம்பழம். சாராயம் அந்த இலைப் பக்கமே போகக் கூடாது என்று கண்டிசன். ஊரே வாயில் விரலை வைத்தது. தம்மாம் பவுசு, சாமிக்கே ஃபாரின் பழம் கேக்கோ என்று தாணுமாலையன் கேலி பேசினான். ஐயா கேட்டாரு, வைக்கேன் என்று அண்ணன் அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார். பூதலிங்கமும் சிரித்தவன்தான். அண்ணே, அந்த இலை யாருக்கு என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அடப்பாவி அண்ணா, பேரீச்சம்பழம் வாங்க ஒவ்வொரு கொடைக்கும் நீரே ஏர்வாடிச் சந்தைக்குப் போவீரே என்று கத்தியைப் பார்த்துச் சொன்னான்.

ஆனால் யார் கையிலிருந்து யார் உடம்புக்கு? இந்த இடத்தில் வந்து புத்தி முட்டிக்கொண்டு நின்றது. ஐயம்பெருமாள் அந்தத் துருக்கிக்காரனைக் கொன்று கத்தியை எடுத்தாரா? எடுத்த கையோடு அவரும் விழுந்தாரா? இல்லை, இந்தக் கத்தி அவர் வயிற்றில் இருந்ததா, சவரிமுத்துதான் உருவினாரா? அதனால்தான் அந்த மனுசனுக்கு வாய் வரவில்லையா? பெற்றவளிடம் என்னவென்று சொல்லிக் கொடுப்பான்? சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த மணல்காட்டிலேயே எறிந்துவிட்டும் வர முடியவில்லை. ஐயம்பெருமாள் மேல் கடைசியாகப் பட்டது இது, கடலைத் தாண்டிக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டான். அந்தப் பிச்சம்மை அதைப் பிள்ளை மாதிரி மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாளாம், அப்பா சொல்வார். பிள்ளையைக் கொன்றதையா தட்டிக்கொடுத்தாள்? ஐயோ, நினைக்காதே. ஒருவேளை அப்படி இல்லாமல் இருக்கலாம். அப்படியும் இருக்கலாம். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. வளையத்துக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாக எண் வேறு வெட்டியிருந்தது, அதுவும் அந்த எழுத்திலேயே. பட்டாளத்தில் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டே. இது அந்தத் துருக்கிப் பையனின் நம்பரா? அவனுக்கும் மீசை முளைத்திருக்காது. அவனுக்கும் ஒரு அம்மை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். அவள் மடியில் ஒன்றையும் கொண்டுபோய் யாரும் வைத்திருக்கமாட்டார்கள். அவள் பிள்ளையின் கத்தி இந்தக் குளத்தங்கரையில் பூச்சூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவள் கனவிலாவது கண்டிருப்பாளா? எத்தனை கல்யாணப் பத்திரிகை இதன் காலடியில் வைத்தாயிற்று, எத்தனை பிள்ளைக்கு இதன் முன்னால் முடி எடுத்துப் பேர் விட்டாயிற்று. பூதலிங்கம் இலையைப் பார்த்துக் கை கூப்பினான். யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல் கும்பிட்டதில் இதுதான் முதல் தடவை, இவ்வளவு நடுங்கிக் கும்பிட்டதும் இதுதான் முதல் தடவை. வெளியே மகுடத்தை நெருப்பில் காட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அத்தோடு தாணுமாலையன் ஞாபகமும் வந்தது. அவன் கைக்குப் போனால் எல்லார் முன்னாலும் உருவுவான். வெயிலில் பளிச்சென்று இந்த எழுத்து தெரியும். வீடியோ ஊரெல்லாம் போகும். துருக்கிக்காரன் கத்திடே, நம்ம ஐயாவக் கொன்ன கத்திடே என்று எவனாவது ஒருத்தன் ஆரம்பித்தால் போதும், சாயங்காலத்துக்குள் குளத்தில் எறிந்துவிடுவார்கள். பூடத்தையும் இடித்துவிடுவார்கள். பிச்சம்மையின் பிள்ளையும் போவான், கூட வந்தவனும் போவான். எல்லாம் இந்தப் பிரேக்குக் காலில் வந்து நிற்கிறது. ஆராசனை வரணும். வரலேன்னா? வராதே, எனக்கு வராதே!

கதவில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுகிற சத்தம். "தம்பி, நான்தான்." அண்ணன் பெஞ்சாதி, மதினி ஆவுடையம்மாள். தாழ்ப்பாளை விலக்கிக் கதவைக் கை நுழைகிற அளவுக்குத் திறந்தான். அவள் உள்ளே பார்க்கக் கூடாது என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "தோலுக்கு விளக்கெண்ண. நீங்க எடுத்துட்டுப் போவலன்னு நெனைச்சேன். அவிய இதுதான் போடுவாவ." வாங்கிக்கொண்டான். அவள் போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து நிற்கிறாள் என்று வளையல் இல்லாத கை செங்கலில் உரசுவதிலிருந்து தெரிந்தது. கொஞ்சம் கழித்து, "பாத்துட்டியளா?" என்றாள். "எத மதினி?" "எழுத்த." கிண்ணத்திலிருந்து எண்ணெய் சிந்திவிட்டது பூதலிங்கத்துக்கு. "ஒங்களுக்குத் தெரியுமா?" "கத்திய எடுத்த மொத வருசமே சொல்லிட்டாவ. யாருட்டயாவது சொல்லாட்டா நெஞ்சு வெடிச்சுப்போவும்னு சொல்லி அழுதாவ." "அப்போ சாமி யாரு மதினி? நாம யாரக் கும்பிட்டுட்டு இருக்கோம்?" "அது எனக்கு எங்க தம்பி தெரியும்? ரெண்டு பயலுவன்னாவ. ஒருத்தன் நம்ம வீட்டுப் புள்ள, ஒருத்தன் யாரு பெத்த புள்ளையோ. செத்த எடத்துல ரெண்டு பேருக்கும் அழ ஆளில்ல, இங்க வந்து சேந்துட்டானுவ, இனி பிரிக்கவா முடியும்னாவ. நானும் செரின்னுட்டேன்." பூதலிங்கம் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். "மதினி, எனக்கு ஆராசனை வராது. நெசமாத்தான் சொல்லுதேன். அண்ணனுக்கு வந்த மாதிரி எனக்கு வராது. இன்னிக்கு மானம் போவப் போவுது, இவியளும் போவப் போறாவ."  மதினி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அவியளுக்கும் வந்ததில்ல தம்பி."

காதில் சரியாக விழாதது போல, "என்ன?" என்றான். "ஒரு கொடைக்கும் வந்ததில்ல. மொத வருசம் மகுடக்காரன் அடிச்சு ஓஞ்சுட்டானாம், ஊரே வாயப் பாத்துட்டு நிக்கி, ஒண்ணும் வரல. அப்போ அந்த ரெண்டு பயலுவள நெனச்சாவளாம். அவனுவளுக்குத்தான் காலு இல்ல, எனக்கு இருக்கேன்னு தூக்கி வச்சாவளாம். அப்பிடியே ஆடித் தீத்துட்டாவ. ஒவ்வொரு வருசமும் தெரிஞ்சேதான் ஆடினாவ. வீட்டுக்கு வந்தா காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும், நான்தான் வெந்நி ஊத்துவேன். சாமி ஆடினா காலு ஏன் வலிக்கப் போவுது?" "ஊர ஏமாத்தினாரா மதினி?" "நானும் இதே கேள்விதான் கேட்டேன். ஏமாத்துன மாதிரி எனக்குத் தோணலட்டீ, ஆடுத நேரம் அந்தப் பயலுவளத் தவிர எனக்கு வேற நெனப்பே இல்லன்னாவ. அவ்வளவுதான் தம்பி எனக்குத் தெரியும். நேரமாச்சு, தோலுக்கு எண்ணயப் போடுங்க." புடவை சரசரக்க அவள் போய்விட்டாள். பூதலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

முதலில் கோபம்தான் வந்தது, பொல்லாத கோபம். ஏன் வராது? லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் கயத்தாறு பக்கம் வண்டி கவிழ்ந்து கிளீனர் செத்துப்போனான். அதன்பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே இவனுக்கு வாந்தி வரும். வீட்டுக்குள்ளேயே கிடந்தான். கொடை அன்றைக்கு அண்ணன் ஆடிக்கொண்டே வந்து இவன் தலைமயிரைப் பிடித்து உலுக்கி, நெற்றி நிறையத் துன்னூறு அப்பி, ஏல, வண்டியப் புடி, பயப்படாத, ஒம் பக்கத்துலயே நான் உக்காந்திருக்கேன் என்று அலறினார். பட்டாளத்தையா வாக்கு! அந்த வாக்கை நம்பித்தான் மறுபடி வண்டியைத் தொட்டான், அந்த வாக்கை நம்பித்தான் ஸ்கூல் போட்டான், பேர்கூடப் பட்டாளத்தையா டிரைவிங் ஸ்கூல். அது சாமி இல்லையாமே. அண்ணனாமே. முழிச்சுக்கிட்டு, தெரிஞ்சுக்கிட்டு, தம்பி மூஞ்சியைப் பார்த்துச் சொன்ன வார்த்தையாமே. நேரில் சொன்னால் இந்தக் கழுதை கேட்காது என்று தெரிந்து, சாமி வாயால் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கால் வீங்கிக் கிடந்திருக்கிறார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சாமி வந்து ஆடுவது என்ன பெரிய காரியம், சாமியே ஆடிவிட்டுப் போய்விடும். வராத சாமிக்காக, சித்திரை வெயிலில், சுடுமணலில், ஒவ்வொரு அடியும் தானே தூக்கி வைத்து ஒருத்தர் ஆயுசு பூராவும் ஆடியிருக்கிறார். அதை ஒருத்தரிடமும் காட்டிக்கொள்ளாமல் செத்தும் போயிருக்கிறார். இத்தனை நாளும் இந்தத் தோலுக்குள் இருப்பதுதான் பெரிய அதிசயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதைக் கையில் பிடித்திருந்த ஆளைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று பூதலிங்கம் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே அலகுக்கு எண்ணெய் போட்டான். எழுத்தின் மேல் குங்குமத்தைக் குழைத்து அண்ணன் அப்பியது போலவே அப்பினான். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தோலைத் தடவத் தடவ அது குடித்துக்கொண்டே இருந்தது. கத்தியை உள்ளே விட்டபோது முரண்டு பிடிக்கவில்லை. சாமியாடுகிறபோது போடுகிற காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். அண்ணன் அளவுக்குத் தைத்தது, தோளில் தொளதொளவென்று நின்றது.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கத்தியை உறையோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பூடத்துக்கு முன்னால் வந்து நின்றான். மகுடம் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனது, வில்லுப்பாட்டில் ஐயாவைக் கூப்பிடுகிற வரத்து ஆரம்பித்தது. எத்தனை கண்! எல்லாம் இவன் மேல். தாணுமாலையன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையில் செல்போன் துருத்த நின்றான். வருகிறதா? ஒன்றும் வரவில்லை. மணல் சுட்டது. மாத்திரை போடாததால் தலை லேசாகச் சுற்றியது, அவ்வளவுதான். அடி ஓய்ந்து மறுபடி ஏறியது, மறுபடி ஓய்ந்தது. சனம் ஒன்றை ஒன்று பார்த்தது. தாணுமாலையன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். வலது கால் தரையைப் போட்டு அமுக்கிக்கொண்டு நின்றது. எடு, எடுடா காலை. ரெண்டு பயல்கள். ஒருத்தனுக்கு ஐயம்பெருமாள் என்று பேர், இன்னொருத்தனுக்கு என்ன பேரோ. எனக்குக் கால் இருக்கிறது. எடுத்தான். பட்டாளத்துக்காரன் எடுத்து வைக்கிற மாதிரி ஒரு அடி, சுடுமணலில் ஒரு அடி, இன்னும் ஒரு அடி. சித்தம் முழுக்கத் தெளிவாக இருந்தது. கல் குத்தியது தெரிந்தது, இடுப்பு பிடித்தது தெரிந்தது, காக்கிச் சட்டை முதுகில் ஒட்டியது தெரிந்தது. அண்ணே, இப்படியா இருந்தது உமக்கு, ஒவ்வொரு வருசமும் இப்படியா என்று கேட்டுக்கொண்டே சுற்றினான். குலவை எழும்பியது. எவனோ ஐயா வந்துட்டாரு என்று கத்தினான். சுற்றிச் சுற்றி ஆடி, பூடத்து முன்னால் வந்து நின்று துன்னூற்றுக் கொப்பரையில் கையை விட்டபோது முதலில் வந்து குனிந்தது தாணுமாலையன்தான். மூஞ்சி வெளிறிப்போயிருந்தது. "ஐயா, அறியாம ஏதாவது பேசியிருந்தா பொறுத்துக்கிடணும்" என்றான். அவன் நெற்றியிலும் அள்ளிப் பூசினான். வரிசையாக வந்தார்கள். பிள்ளை இல்லாதவள், பரீட்சை எழுதினவன், கோர்ட்டுக் கேஸ்காரன். முழித்த கண்ணோடு அவர்கள் மூஞ்சியைப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான காரியம் என்று அப்போதுதான் பூதலிங்கத்துக்குத் தெரிந்தது. வீட்டுக்காரனிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, இவன் காலடியில் கொட்டினார்கள்.

கடைசியில் மதினி வந்தாள். தாலி அறுத்தவள் முன்னால் வரலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. சுடுமணலில் முட்டி போட்டு முந்தியை விரித்து ஏந்தினாள். பூதலிங்கம் அவள் கண்ணைப் பார்த்தான். எல்லாம் தெரிந்தவள், கதவு வழியே கிண்ணத்தை நீட்டிவிட்டுப் போனவள், ஒரு சாடை காட்டுவாள், போதும் தம்பி என்று கண்ணாலாவது சொல்வாள் என்று பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை. பயமும் ஆசையுமாக, குழந்தை மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயா" என்றாள்.  "அவிய அங்கன வந்து சேந்துட்டாவளா?" மகுடக்காரன்கூடக் கையை நிறுத்திவிட்டான். வந்துட்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துன்னூற்றைப் போடலாம் என்றுதான் பூதலிங்கம் வாயைத் திறந்தான். "வந்துட்டான் தாயி. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் உக்காந்திருக்கான். இனி அவன் ஆடாண்டாம். நாங்க ஆடுதோம், அவன் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றது வாய். மிச்ச வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. மதினி முந்தியில் விழுந்த துன்னூற்றை முடிந்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு அத்தனை சனத்துக்கும் நடுவில், அழுதபடியே, குலவை போட்டாள்.